புரூணையில் ஆறு இரவுகள்: அவசரமில்லாத ஒரு பயணத்திற்கான ஏற்பாடு



நம் கடற்கரை ஊர்களில் பயணம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்களே வழக்கில் உள்ளன. ஒன்று, பிழைப்புத் தேடிச் செல்லும் சபர். மற்றொன்று, ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் பயணம். மருத்துவத்திற்காகவோ திருமணத்திற்காகவோ ஊர் விட்டு ஊர் செல்வதை யாரும் பயணமென்று கணக்கில் சேர்ப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் வெளியே, அறுபது வயதை ஒட்டிய ஒரு கணவனும் மனைவியும் ஓர் அயல்நாட்டில் சில நாட்கள் சும்மா இருந்துவிட்டு வரப் போகிறோம் என்றால், கேட்பவர்கள் அடுத்த வினாவுக்காகக் காத்திருக்கிறார்கள். "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்பதே அந்த வினா. யாரும் இல்லை என்று சொன்னால், சொல்லாமல் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் புரூணைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், ஷவ்வால் மாதத்தின் இறுதியில், பெருநாளைப் பேரப்பிள்ளைகளுடன் கழித்து, ஆறு நோன்புகளையும் முடித்துக்கொண்டு புறப்படுவதாக ஏற்பாடு. இன்னும் போகவில்லை. எனினும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்த மூன்று மாதங்களில் நாங்கள் பேசிக்கொண்டவை, எங்களைப் போன்ற குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

எங்களில் ஒருவர் இருபத்தேழு ஆண்டுகள் தம்மாமில் இருந்தவர். ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பொருட்கிடங்கில் கணக்குப் பார்த்தவர். மற்றவர் அந்த இருபத்தேழு ஆண்டுகளும் ஊரில் வீட்டையும் மூன்று பிள்ளைகளையும் இரு தரப்புப் பெற்றோரையும் பார்த்துக்கொண்டவர். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. அந்த அறுபது நாட்களில் ஒரு திருமணம், ஒரு வீட்டுப் பழுது, பள்ளிக்கூட வேலை, வங்கி வேலை, உறவினர் வீட்டு விருந்துகள், மறுபடியும் பெட்டி கட்டுதல் என்றே நாட்கள் கழிந்தன. தொடக்க ஆண்டுகளில் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவோம். பின்னர் தொலைபேசிச் சாவடி வந்தது. பிறகு கைப்பேசி வந்தது. நாற்பதாண்டை நெருங்கும் எங்கள் மணவாழ்வில் ஒரே கூரையின் கீழ் கழித்த நாட்களை எண்ணினால், வளைகுடாவிலிருந்து திரும்பியபின் கழிந்த இந்த மூன்றாண்டுகளையும் சேர்த்து, மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகவே வரும்.

திரும்பி வந்தபின் உள்ள வாழ்வைப் பற்றி நம் ஊர்களில் அதிகம் பேசுவதில்லை. திரும்பியவருக்கு ஸுப்ஹுக்குப் பின் செய்வதற்கு வேலை இல்லை. வீட்டிலிருந்தவருக்கு, தனக்கென்று வகுத்துக்கொண்ட நாளின் நடுவில் ஒருவர் வந்து அமர்ந்திருக்கிறார். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வது வழக்கம். ஆகவே வீடும் அவருடைய வீடன்று. அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்பதைக்கூடக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவரிடம் ஒருவர் பேசுவதற்கு மின்கட்டணமும் மருந்தும் பிள்ளைகளும் தவிர வேறு பொருள் இருக்கவில்லை. மகள் ஒருநாள் வந்து இதைக் கவனித்துவிட்டு, "உம்மா, நீங்களும் வாப்பாவும் ஒரு வாரம் எங்கேயாவது போய் வாருங்கள், எங்களை யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்" என்றாள். அங்கிருந்துதான் இந்தப் பேச்சு தொடங்கியது.

எங்கே போவது என்பதில் எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. இருவரும் முன்பு பார்த்திராத இடமாக இருக்க வேண்டும். சவூதி என்றால் ஒருவர் வழிகாட்டியாகவும் மற்றவர் விருந்தினராகவும் ஆகிவிடுவோம். சென்னையோ திருச்சியோ என்றால் உறவினர் வீடுகள் காத்திருக்கும். ஒருவருடைய வீடாகவும் மற்றவருடைய பணியிடமாகவும் இல்லாத, இருவருக்கும் சமமாகப் புதிய ஓரிடம் தேவைப்பட்டது. அத்துடன் முட்டிவலிக்கும் சர்க்கரைக்கும் தோதாக, சிறியதாகவும் இருக்க வேண்டும்.

புரூணை போர்னியோ தீவின் வடகரையில் உள்ள நாடு. பரப்பு 5,765 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மக்கள்தொகை ஏறத்தாழ நாலரை இலட்சம். 1984 ஜனவரி 1 அன்று முழு விடுதலை பெற்றது. 1959 ஆம் ஆண்டின் அரசமைப்பு, ஷாஃபி மத்ஹபின் வழியிலான இஸ்லாத்தை நாட்டின் சமயமாகக் குறிக்கிறது. எங்கள் ஊரும் ஷாஃபி ஊர். தம்மாமில் இருபத்தேழு ஆண்டுகள் ஸுப்ஹில் குனூத் இல்லாமல் ஜமாஅத்தில் தொழுதவருக்கு, அயல்நாடு ஒன்றில் இமாம் குனூத் ஓதக் கேட்பது எப்படி இருக்கும் என்ற ஆவல் உண்டு. உணவில் ஹலாலைத் தேடி அலைய வேண்டியதில்லை. மது விற்பனைக்கே அங்குத் தடை. நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் அங்கே கடை வைத்தும் வேலை செய்தும் வருகிறார்கள். நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னே. உடல் ஓரிரு நாளில் பழகிவிடும். 2024 நவம்பரில் சென்னையிலிருந்து அந்நாட்டுத் தலைநகருக்கு நேரடி விமானச் சேவை தொடங்கியதும் ஒரு காரணம். கோலாலம்பூர் வழியாகவும் சிங்கப்பூர் வழியாகவும் செல்லலாம்.

நாட்டைத் தெரிவு செய்ததும் பிள்ளைகள் உதவிக்கு வந்தார்கள். மூத்த மகன் கணினியில் ஓர் அட்டவணை தயாரித்தான். ஐந்து நாட்களில் பதினேழு இடங்கள். முடிவில் இரண்டு நாள் கோலாலம்பூர், இரண்டு நாள் சிங்கப்பூர். "இவ்வளவு செலவு செய்து போகிறீர்கள், பக்கத்து நாடுகளையும் பார்த்துவிட்டு வரலாமே" என்பது அவன் வாதம். அன்பினால் செய்த அட்டவணைதான். ஆயினும் அதைப் பார்த்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பழைய அறுபது நாள் விடுமுறை. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு வேலை. முடிந்ததும் ஒரு கோடு.

இந்த இடத்தில் எங்களுக்குத் துணையாக வந்தது ஒரு மார்க்கச் சட்டம். ஷாஃபி மத்ஹபில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதாக நிய்யத் வைத்தவர், அங்கே சேர்ந்ததும் பயணிக்குரிய சலுகையிலிருந்து நீங்கிவிடுகிறார். தொழுகையைச் சுருக்கவோ சேர்த்துத் தொழவோ அவருக்கு இடமில்லை. அவர் முஸாஃபிர் அல்லர், முகீம், அங்கே தங்கியிருப்பவர். ஜும்ஆவும் அவர்மீது கடமையாகிறது. ஹனஃபி மத்ஹபில் இந்த எல்லை பதினைந்து நாட்கள். அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளட்டும். மகனின் அட்டவணைப்படி சென்றால், நாங்கள் எந்த ஊரிலும் தங்கியவர்களாக இருக்கப் போவதில்லை; நாட்டுக்கு நாடு கஸ்ரும் ஜம்உமாக ஓடிக்கொண்டிருப்போம். அதுவும் ஆகுமானதே, சலுகை அல்லாஹ்வின் அருட்கொடை. ஆனால் இந்த ஒரு பயணத்தில் நாங்கள் முகீமாக இருக்க விரும்பினோம். ஐந்து வேளைத் தொழுகையையும் அதனதன் நேரத்தில், முழுமையாக, ஒரே ஊரில் தொழும் அளவுக்கு அவகாசம் உள்ள ஒரு தங்கல். ஆகவே ஆறு இரவுகள், இடையில் ஐந்து முழு நாட்கள், அவற்றில் ஒன்று வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தோம். ஒரே நாடு, ஒரே விடுதி, ஒரே அறை.

அதன்பின் ஒவ்வொரு நாளையும் எப்படி அமைப்பது என்ற பேச்சு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் புரூணையில் தொழுகை நேரங்கள் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மஃரிப் எப்போதும் மாலை ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான். கிப்லாவும் நம் ஊரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே. எனவே தொழுகை நேரங்களையே நாளின் தூண்களாக நட்டு, இடையில் எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று பார்த்தோம். நாளொன்றுக்கு ஒரே ஒரு வேலை என்பது முதல் விதி. லுஹருக்கும் அஸருக்கும் இடையில் வெளியே செல்வதில்லை என்பது இரண்டாவது. அங்கு வெயிலும் கடுமை. மழையும் எந்த மாதத்திலும் வரும். மூன்றாவது விதி, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பள்ளிவாசலுக்கு ஒதுக்குவது.

இந்த மூன்றாவது விதியைக் கேட்டவர் எங்களில் ஊரிலேயே இருந்தவர். நம் பகுதியில் பெண்கள் வீட்டிலோ பெண்கள் தைக்காவிலோ தொழுவதுதான் வழக்கம். ஹரம் ஷரீஃபில் தொழுத சில வாரங்கள் தவிர, பாங்கு கேட்டதும் எழுந்து நடந்து சென்று ஒரு பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழும் வாய்ப்பு அவருக்கு அமைந்ததில்லை. பயணத்தைப் பற்றிய பேச்சில் அவர் முதலில் கேட்டதே, "அந்தப் பெரிய பள்ளியில் பெண்களுக்கு இடம் உண்டா?" என்பதுதான். உண்டு என்று தெரிந்தது. அதற்கு நடந்து செல்லும் தொலைவில் விடுதி வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தோம். நீச்சல்குளமும் கடலோரமும் உள்ள விடுதிகளைக் கைவிட்டு, ஆற்றங்கரையை ஒட்டிய நகர்ப்பகுதியில் எளிய விடுதி ஒன்றைத் தெரிவு செய்தோம். அங்குப் பேருந்துகள் குறைவு, மாலையோடு ஓய்ந்துவிடும் என்பதாலும் இந்தத் தெரிவு பொருத்தமாக இருந்தது. தொலைவான இடங்களுக்குக் கைப்பேசிச் செயலி வழியாக வாடகைக் கார் அழைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெரிய பள்ளி, தலைநகர் பண்டார் செரி பெகாவானின் நடுவில் உள்ள ஓமர் அலி சைஃபுத்தீன் பள்ளிவாசல். 1958 இல் கட்டி முடிக்கப்பட்டது. பொன் வேய்ந்த குவிமாடம். அதன் முன்னே செயற்கை நீர்நிலை. நீர்நிலையில் பழைய அரசப் படகொன்றின் வடிவில் கட்டப்பட்ட கல்மண்டபம். திருக்குர்ஆன் அருளப்பெற்றதன் ஆயிரத்து நானூறாவது ஆண்டு நினைவாக 1967 இல் எழுப்பப்பட்ட அந்தக் கற்படகில் கிராஅத் போட்டிகள் நடந்திருக்கின்றன. முதல் முழு நாளுக்கு இதுவே வேலை. காலையில் சுற்றி நடப்பது, பின்பு அறைக்குத் திரும்பி உறங்குவது, மாலையில் மறுபடி அங்கேயே போய் அமர்வது.

இரண்டாம் நாள் கம்போங் ஆயர். ஆற்றின் மேல் மரத்தூண்களில் நிற்கும் ஊர். வீடுகள், பள்ளிக்கூடங்கள், பள்ளிவாசல், தீயணைப்பு நிலையம் எல்லாம் நீரின் மேலேயே. மகல்லனின் குழுவோடு வந்த இத்தாலியர் பிகஃபெட்டா 1521 இலேயே இந்த நீரூரைப் பார்த்து எழுதிவைத்தார். படகில் கடந்து, பலகைப் பாதையில் சிறிது தூரம் நடந்துவிட்டு வருவது மட்டுமே திட்டம். அஸருக்குப் பின் கிளம்பும் படகுகளில் சென்றால், கண்டல் மரங்களுக்கு வரும் நீண்ட மூக்குக் குரங்குகளைக் காணலாம் என்கிறார்கள். கண்டால் அல்ஹம்துலில்லாஹ், காணாவிட்டாலும் படகுப் பயணம் மிச்சம்.

மூன்றாம் நாள் வெள்ளி. அரசு அலுவலகங்களுக்கு அங்கே வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை. பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை கடைகள், உணவகங்கள் அனைத்தும் ஜும்ஆவுக்காகச் சட்டப்படி மூடப்படுகின்றன. இதை அறியாமல் செல்வோர் பசியோடு தெருவில் நிற்க நேரும். காலையிலேயே உணவு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஜும்ஆவைத் தவிர வேறெதுவும் இல்லை.

நான்காம் நாள் தெம்புரோங். மலேசியாவின் லிம்பாங் பகுதி இடையில் புகுந்திருப்பதால், இந்த மாவட்டம் நாட்டின் மற்றப் பகுதியிலிருந்து பிரிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் படகில் செல்ல வேண்டும். அல்லது சாலை வழியே மலேசியாவுக்குள் நுழைந்து, கடவுச்சீட்டில் முத்திரை பெற்று, மறுபடி புரூணைக்குள் வர வேண்டும். 2020 மார்ச்சில் வளைகுடாவின் மேல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தில் போய், பங்கார் என்னும் சிற்றூரில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவது நான்காம் நாள். ஐந்தாம் நாள் ஜாமிஉ அஸ்ர் ஹஸனல் போல்கியா பள்ளிவாசல். இன்றைய சுல்தான் இருபத்தொன்பதாவது சுல்தான் என்பதற்காக இருபத்தொன்பது குவிமாடங்களுடன் அமைந்து, 1994 இல் திறக்கப்பட்டது. அன்று மாலை கடோங் இரவுச் சந்தை.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். அந்தப் பேச்சே எங்களுக்கு நல்லதாக அமைந்தது. தெம்புரோங் காட்டின் உள்ளே, மரங்களின் உச்சியை ஒட்டிச் செல்லும் நடைபாலம் பெயர் பெற்றது. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஒருவரின் முட்டி அதற்கு இடம் தராது. மற்றவர் தனியே ஏறி வரலாம் என்ற யோசனை எழுந்தது. "தனியாகப் போவதற்கு எதற்கு இருவருக்கும் டிக்கெட்?" என்ற கேள்வியோடு அது முடிந்தது. சுல்தானின் அரண்மனை, ஹரி ராயா எனப்படும் நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாளிலிருந்து மூன்று நாட்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவது வழக்கம். வருவோருக்கு விருந்தும் உண்டு. அதற்காகப் பெருநாளில் பேரப்பிள்ளைகளை விட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. மேற்கே செரியா நகரம் 1929 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட இடம். நூறு கோடியாவது பீப்பாய் எடுக்கப்பட்டதன் நினைவாக அங்கே ஒரு சின்னமும் நிற்கிறது. கிடங்குக் கணக்கர் அதைப் பார்க்க விரும்பினார். "இருபத்தேழு வருஷம் எண்ணெய்க்குக் கொடுத்தோம், இந்த ஆறு நாளையுமா?" என்று மற்றவர் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சிரிப்பைத் தவிர வேறு மறுமொழி இல்லை, செரியா விடப்பட்டது. ஒலிநாடாவிலும் தொலைபேசியிலும் ஒருபோதும் சொல்லாத ஒன்றை, ஒரு பயணத் திட்டத்தின் சாக்கில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுக்கொண்டோம்.

எதிர்பாராத ஓர் இன்பமும் கிடைத்தது. புரூணையில் கடைப் பலகைகளில் ஜாவி எழுத்தும் இருக்க வேண்டும் என்பது விதி. ஜாவி என்பது அரபு எழுத்துகளோடு சில கூடுதல் எழுத்துகளைச் சேர்த்து மலாய் மொழியை எழுதும் முறை. நம் முன்னோர் அரபுத் தமிழ் எழுதியதும் இவ்வாறுதான். எங்களில் ஊரில் இருந்தவர் சிறுவயதில் தம் பாட்டியிடம் அரபுத் தமிழ் படித்தவர். தம்மாமில் இருந்தவர் தெருப் பலகைகளிலிருந்து அரபு படித்தவர். ஒரு மாலை கைப்பேசியில் புரூணைக் கடைத்தெருவின் படங்களை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் பலகைகளை எழுத்துக்கூட்டினோம். 'கெடாய்' என்று ஒருவர் படிக்க, "கடைதான் அது" என்று மற்றவர் சொன்னார். உண்மையில் மலாய் மொழியில் கடைக்குக் கெடாய் என்றும், கப்பலுக்குக் கப்பால் என்றும் வழங்கும் சொற்கள் தமிழிலிருந்து கடல் கடந்து போனவையே. அன்று இஷா பாங்கு கேட்கும்வரை அமர்ந்திருந்தோம்.

நெருங்கிய உறவினர் ஒருவர் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். இந்தப் பணத்தில் இன்னோர் உம்ரா செய்யலாமே, இது வீண்விரயம் ஆகாதா என்று கேட்டார். அவர் நல்லெண்ணத்தோடு கேட்டதால் நாங்களும் நன்றாக எண்ணிப் பார்த்தோம். அல்லாஹ்வின் அருளால் எங்கள் கடமையான ஹஜ் நிறைவேறிவிட்டது. உம்ராவும் பலமுறை வாய்த்தது. கடன் இல்லை, இவ்வாண்டு ஸகாத் கொடுத்தாயிற்று. பிள்ளைகளிடம் எதுவும் கேட்கவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. ஒரு சமுதாயத்தையே வழிநடத்தியவர்கள், துணைவியோடு தனித்திருக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இருபத்தேழு ஆண்டுகள் பொருளுக்காகப் பிரிந்திருந்ததைக் குடும்பக் கடமை என்று ஊர் ஒப்புக்கொண்டது. சேர்ந்திருப்பதற்காகச் சிறிது பொருளைச் செலவிடுவதும் அந்தக் கடமையின் மற்றொரு பகுதிதான் என்று அவரிடம் சொன்னோம். அவர் சற்று யோசித்து, "அப்படியானால் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே மழை அதிகம்" என்றார்.

இனி, இதே எண்ணம் உள்ளவர்களுக்காகச் சில நடைமுறைக் குறிப்புகள். விசாவையும் வருகைப் பதிவையும் பற்றிய அப்போதைய விதியைத் தூதரகத்தின் வழியாகவே கேட்டறிந்து, அதன்பின் டிக்கெட் எடுங்கள். புரூணை டாலரும் சிங்கப்பூர் டாலரும் 1967 முதல் சம மதிப்புடையவை. சிங்கப்பூர் நோட்டு அங்கே செல்லும். ஆகவே நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சிங்கப்பூர் டாலரையே வாங்கிச் செல்லலாம். ரமலானில் பகல் நேரத்தில் உணவகத்தில் அமர்ந்து உண்ண முடியாது. மதுவும் பொது ஒழுங்கும் பற்றிய அந்நாட்டுச் சட்டங்கள் கடுமையானவை, வருவோருக்கும் பொருந்தும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளைப் பத்து நாளுக்கானதாக, மருத்துவச் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சோறும் பொரித்த கோழியும் சம்பாலும் சேர்ந்த நாசி கத்தோக் என்ற பொட்டலம் ஒரு டாலருக்கே விற்பதாகப் பெயர் பெற்றது. சவ்வரிசி மரத்தின் மாவில் செய்யும் அம்புயாத் என்ற பசை போன்ற உணவை மூங்கில் கவையில் சுற்றி, புளிப்புச் சாற்றில் தோய்த்து உண்கிறார்கள். எங்களில் ஒருவர் அதை உண்ண ஆவலாக இருக்கிறார். மற்றவர் வேடிக்கை பார்க்க ஆவலாக இருக்கிறார்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் செய்து வருகிறோம். பயணம் புறப்படுமுன் கொடுக்கல் வாங்கலை முடித்து, வஸிய்யத்தை எழுதி, உரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் செல்வது நம் பெரியோர் வழக்கம். வளைகுடாவுக்குப் போன ஒவ்வொரு முறையும் இதைச் செய்தவர் ஒருவரே. வாசலில் நின்று வழியனுப்பியவர் மற்றவர். இம்முறை இருவரின் வஸிய்யத்தும் ஒரே உறையில் மகளிடம் இருக்கும். வீட்டுச் சாவியும் அவளிடம்தான். அன்றாடம் இஷாவுக்குப் பின் ஒரு முறை மட்டும் பிள்ளைகளோடு பேசுவது, மற்ற நேரத்தில் கைப்பேசியை அறையிலேயே விட்டுச் செல்வது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். இதற்கு மூத்த மகன் இன்னும் முழுமையாக உடன்படவில்லை.

அந்த ஆறு இரவுகளில் என்ன பேசுவோம் என்று எங்களுக்குத் தெரியாது. பேசாமலும் இருக்கலாம். ஓர் ஆற்றங்கரையில் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே, யாரும் வரப்போவதில்லை, யாரையும் வழியனுப்ப வேண்டியதில்லை என்ற நிலையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்க இருவருக்கும் பழக்கமில்லை. பழகிக்கொள்ள ஐந்து முழு நாட்கள் வைத்திருக்கிறோம். பயணம் நலமாக முடிய துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து வராந்தாவில் தனியே அமர்ந்திருக்கும் வாப்பாவும், அடுக்களையிலேயே இருந்து பழகிவிட்ட உம்மாவும் இருந்தால், அவர்களிடம் இந்தப் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். நாடு எதுவாகவும் இருக்கட்டும். அட்டவணையை மட்டும் நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள்.